நுளம்பும் கிணறும்: யாழ்ப்பாணக் குடாநாட்டு நோய் வரலாற்றில் மனித நோக்கின் பங்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்குக் கிணறு வெறும் நீர்நிலை அன்று. ஆறு என்று சொல்லத்தக்க ஆறு எதுவும் இக்குடாநாட்டில் இல்லை. மாரிகாலத்தில் மாத்திரம் ஓடி அராலிப் பக்கமாகக் கடனீரேரியிற் கலக்கும் வழுக்கையாறு ஒன்றே விதிவிலக்கு. சுண்ணாம்புக்கற் பாறையின்மேல் அமைந்த இந்நிலத்தில், வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் மழைநீர் பாறை வெடிப்புகளூடாக இறங்கி, கீழே பரந்துள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. அந்த வில்லையிலிருந்து முகந்த நீரைக் கொண்டே குடிநீரும், தோட்டச் செய்கையும், கோயிற் றிருமஞ்சனமும் நடந்து வந்தன. காணி உறுதிகளிற் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் தனித்தெடுத்து எழுதப்படும் வழக்கமே இந்நாட்டிற் கிணறு பெற்ற மதிப்பை உணர்த்தப் போதுமானது.

அத்தகைய கிணறு, கடந்த சில பத்தாண்டுகளில், நோய் பற்றிய அறிவியல் ஆய்வின் நடுவே வந்து நிற்கின்றது. இதற்குக் காரணமானது மிகச் சிறியதோர் உயிர், நுளம்பு. நுளம்பு புதிதாகத் தோன்றியதன்று. அதனைக் காணும் மனிதனுடைய நோக்கே காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளது. ஒவ்வொரு காலத்திலும் மனிதன் தான் முன்னரே நம்பியதைத் தேடினான். தேடிய இடத்திற் கண்டான். தேடாத இடத்தில் இல்லையென்று தீர்மானித்தான். இவ்வியல்பு பாமர மக்களுக்கு மாத்திரம் உரியதன்று, கற்றோருக்கும் விஞ்ஞானிகளுக்கும் உரியதே என்பதைக் குடாநாட்டின் நோய் வரலாறு காட்டுகின்றது.

காற்றும் நீரும் தெய்வமும்

பழைய யாழ்ப்பாணத்தில் நோயின் காரணம் பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட எண்ணங்கள் ஒருங்கே நிலவின. வாத பித்த சிலேற்பனங்களின் நிலைமாற்றத்தால் நோய் வருமென்பது சித்த ஆயுர்வேத வைத்தியரின் கொள்கை. அம்மை நோய் தெய்வத்தின் வருகையாகக் கருதப்பட்டது; இன்றும் பேச்சு வழக்கில் அது 'அம்மாள் வருத்தம்' எனப்படுகின்றது. நோயாளியைத் தனியே கிடத்தி, வேப்பிலை பரப்பி, வெளியார் வரவைத் தவிர்த்தல் மரபாயிற்று. இவ்வழக்கத்தின் கோட்பாட்டை இன்றைய மருத்துவம் ஏற்காதெனினும், நோயாளியைப் பிறரிடமிருந்து ஒதுக்கிவைத்தலாகிய அதன் செயல் பயனுடையதே. கொள்கை பிழையாயினும் நடைமுறை சரியாக அமைதல் உண்டு என்பதற்கு இது சான்று.

இதன் மறுதலையும் உண்டு. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயை நிலைக்களமாகக் கொண்டு தமிழிலேயே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தவர் அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். உடற்கூறு, உடற்றொழில், இரண வைத்தியம், இரசாயனம் முதலிய துறைகளில் அவரும் அவருடைய மாணாக்கரும் ஆக்கிய தமிழ் நூல்கள் அறிவியற் றமிழின் முன்னோடிகளாகும். ஆயின் அவர் பணிபுரியத் தொடங்கிய காலத்தில் மேனாட்டு மருத்துவமே கிருமிகளை அறிந்திருக்கவில்லை. சதுப்பு நிலத்தினின்றும் அழுகற் பொருளினின்றும் எழும் நச்சுக் காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்பது ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களிலும் நிலவிய பெருவழக்கு. மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லுக்குக் 'கெட்ட காற்று' என்பதே பொருள்.

குடாநாட்டிலும் இதற்கு ஒத்த எண்ணமொன்று இருந்தது. காய்ச்சல் வன்னியின் நோய். அங்குள்ள காட்டுக் காற்றாலும் குளத்து நீராலும் வருவது. குடாநாட்டின் திறந்த வெளியும் கடற்காற்றும் கிணற்று நீரும் அதற்கு மாறானவை என்று பலர் கருதினர். வன்னியின் குடித்தொகை குறைந்திருந்தமைக்குக் காய்ச்சலும் ஒரு காரணம் என்பது உண்மையே. ஆனால் அக்காய்ச்சலைக் கொணர்ந்தது காற்றுமன்று, நீருமன்று. அந்நீரில் வளர்ந்து அக்காற்றிற் பறந்த ஓர் உயிரே. கண்முன்னே பறந்ததை எவரும் காரணமாகக் கண்டிலர்.

நுளம்பு காரணமாதல்

1880ஆம் ஆண்டு அல்சீரியாவிற் கடமையாற்றிய பிரெஞ்சு இராணுவ வைத்தியர் இலாவரன், நோயாளியின் குருதியில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். 1897 ஓகத்து 20ஆம் நாள் செக்கந்தராபாத்தில் றொனால்ட் றொஸ், அனோபிலிசு வகை நுளம்பொன்றின் இரைப்பைச் சுவரில் அவ்வொட்டுண்ணியின் வளர்நிலையைக் கண்டார். அடுத்த ஆண்டிற் கல்கத்தாவிலே பறவை மலேரியாவைக் கொண்டு நுளம்புக்கடியால் நோய் பரவுவதை அவர் நிறுவினார். மனித மலேரியாவை அனோபிலிசு நுளம்பே பரப்புகின்றதென்பதை இத்தாலிய அறிஞர் கிராசியும் அவர் துணைவரும் காட்டினர். பல நூற்றாண்டுகளாக நின்ற காற்றுக் கொள்கை இருபதாண்டுக்குள் வீழ்ந்தது.

இலங்கையில் மலேரியா எதிர்ப்புப் பணி 1911இல் தொடங்கியது. இந்நாட்டில் நோயைப் பெரிதும் பரப்புவது அனோபிலிசு கியூலிசிபேசிசு என்னும் இனம் என்பது பின்னர் அறியப்பட்டது. தெளிந்த, வெயில் படும், ஓட்டமற்ற தேக்கங்களை அது விரும்புவது. 1934இல் தென்மேற் பருவமழை பொய்த்து ஆறுகள் வற்றியபோது, ஆற்றுப்படுக்கைகளில் எஞ்சிய குட்டைகளில் இந்நுளம்பு பெருகியது. கேகாலை, குருநாகல் முதலிய பகுதிகளில் வெடித்த கொள்ளை நோயில், 1934 – 35 காலத்தில் ஏறத்தாழ 80,000 மக்கள் மாண்டனர். மழை மிகுந்தால் காய்ச்சல் வருமென்று எண்ணியிருந்தோர்க்கு, மழை பொய்த்தமையால் வந்த அவ்வழிவு கடும் பாடமாயிற்று. நோயை அளப்பதற்கு மழையை மாத்திரம் நோக்குதல் போதாது, நீர் எங்கே எவ்வாறு தேங்குகின்றது என்பதை நோக்க வேண்டும் என்னும் உண்மை அப்போது வெளிப்பட்டது.

பதினேழு என்னும் எண்

இரண்டாம் உலகப்போரின் முடிவில் டி.டி.ரி. வந்தது. வீட்டுச் சுவர்களில் அது தெளிக்கப்பட்டபின் மலேரியா மிக விரைவாகக் குறைந்தது. வன்னியிலும் வரண்ட வலயத்தின் பிற பாகங்களிலும் குடியேற்றம் பெருகுவதற்கு இதுவும் துணைபுரிந்தது. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதும் பதிவான நோயாளர் தொகை 17 மாத்திரமே. நோய் ஒழிந்ததென்று எண்ணித் தெளித்தல் தளர்த்தப்பட்டது, கண்காணிப்பும் நலிந்தது. சில ஆண்டுகளுள், 1967 – 69 காலத்தில், ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மீண்டும் நோயுற்றனர். நுளம்பு டி.டி.ரி.க்கு எதிர்ப்பாற்றல் பெற்றமையும் அக்காலத்தே அறியப்பட்டது. எழுபதுகளில் மலத்தியன் அதன் இடத்தைப் பெற்றது.

இந்த 17 என்னும் எண் வரலாற்று மாணவர் மறக்கத்தகாத ஒன்று. எண் பொய்யன்று, அதனை நோக்கிய முறையே பொய்த்தது. நோயாளர் இல்லாமையை நுளம்பு இல்லாமையாகவும், நுளம்பு காணப்படாமையை அது திரும்பி வாராமையாகவும் கொண்டமை கருத்துப் பிழை. அப்பிழையின் விலையைக் கொடுத்தவர்கள் அக்கருத்தை வகுத்தோர் அல்லர். வயலிலும் சேனையிலும் உழைத்த எளிய மக்களே.

1983 தொடக்கம் 2009 வரை நிகழ்ந்த போரின்போது வடக்குக் கிழக்கில் மலேரியா பெருந் துன்பமாயிற்று. இடப்பெயர்வும், மருந்துப் பொருள்கள் வருவதிலிருந்த கட்டுப்பாடுகளும், திறந்தவெளி வாழ்வும் அதற்குத் துணைநின்றன. எனினும் குருதிப் பரிசோதனை, சிகிச்சை, நுளம்புவலை வழங்கல் ஆகியவை போர்ச் சூழலிலும் அறவே நின்றுவிடவில்லை. 2012 ஒக்டோபருக்குப்பின் உள்நாட்டிற் றொற்றிய மலேரியா நோயாளர் காணப்படாமையால், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. நூறாண்டு முயற்சியின் பெறுபேறு அது.

உவர்நீரிற் கண்ட உண்மை

மலேரியா தணிந்த காலத்தில் டெங்கு வளர்ந்தது. டெங்கைப் பரப்பும் ஏடிசு எஜிப்தி நுளம்பு மனித வாழ்வோடு ஒட்டி வாழ்வது. 1900ஆம் ஆண்டில் கியூபாவில் வோல்ட்டர் றீட்டும் அவர் குழுவினரும் மஞ்சட் காய்ச்சலை இந்நுளம்பே பரப்புகின்றதென்று நிறுவியபின், வீட்டைச் சூழவுள்ள நீர்க்கலங்களை மூடியும் கவிழ்த்தும் அவானாவில் அந்நோய் அடக்கப்பட்டது. இதிலிருந்து பிறந்த பாடம் உலகெங்கும் பாடநூல்களிற் புகுந்தது: ஏடிசு தெளிந்த நன்னீரில், சிறு கலங்களிலே முட்டையிடும் என்பதே அது. பொதுமக்கள் நுளம்பென்றவுடன் சாக்கடையை நினைத்தனர். சுகாதார அலுவலர் அதனைத் திருத்திச் சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டு ஆகியவற்றைச் சுட்டிக்காட்டினர். திருத்தம் சரியானதே. ஆயினும் அத்திருத்தத்திலும் ஒரு குறை மறைந்திருந்தது. உவர்நீரை எவரும் தேடிப் பார்த்திலர்.

தேடிப் பார்த்தவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியற்றுறைப் பேராசிரியர் சி. நோபிள் சுரேந்திரன், நோய் எதிர்ப்பியல் அறிஞர் ரஞ்சன் ராமசாமி ஆகியோரும் அவர்தம் துணையாய்வாளரும் யாழ்ப்பாண, மட்டக்களப்புக் கரையோரங்களில் நடத்திய ஆய்வு 2011இல் வெளியாயிற்று. கரையில் வீசப்பட்ட பிளாத்திக்கு, கண்ணாடிக் கலங்களிலும், கைவிடப்பட்ட தோணிகளிலும், பயன்படாக் கிணறுகளிலும் தேங்கிய உவர்நீரில் ஏடிசு எஜிப்தி, ஏடிசு அல்போபிக்தசு ஆகிய இரண்டினதும் குடம்பிகள் வளர்வதை அவர்கள் கண்டனர். கடல்நீரின் உப்பளவு ஆயிரத்துக்கு ஏறத்தாழ 35 பங்கு. அதிற் பாதியை அண்மிய, ஆயிரத்துக்கு 15 பங்கு வரையான உவர்ப்பிலும் குடம்பிகள் காணப்பட்டன. அடுத்த ஆண்டில் வெளியான ஆய்வொன்று, குடாநாட்டின் நகர்ப்புற வீட்டுக் கிணறுகளில், நன்னீர், உவர்நீர் ஆகிய இருவகையிலும் ஏடிசு எஜிப்தி வளர்வதை எடுத்துக்காட்டியது.

இக்கண்டுபிடிப்புக்குப் பெரும் பொருட்செலவு தேவைப்படவில்லை. முகவைக் கலமும் உப்பளவு கருவியும் பொறுமையும் போதுமாயிருந்தன. இல்லாதிருந்தது, அங்கும் இருக்கலாம் என்னும் ஐயமே. பாடநூல் இல்லையென்று சொன்ன இடத்திற் குனிந்து பார்க்கும் துணிவே இவ்வாய்வின் முதற் சிறப்பு. உவர்நீரில் வளரும் ஏடிசுவின் புறத்தோலமைப்பு மாறியிருப்பதும், பூச்சிகொல்லியைத் தாங்கும் ஆற்றலோடு அம்மாற்றத்துக்குத் தொடர்பிருக்கலாம் என்பதும் பின்வந்த ஆய்வுகளாற் புலனாயின. கடல்மட்டம் உயருங் காலத்திற் கரையோர நிலங்கள் மேலும் உவர்ப்படையும் ஆதலின், உப்புநீர் காக்குமென்ற நம்பிக்கை இனிக் கரையோர மக்களுக்கு உதவாது.

மலேரியா நுளம்பிலும் இத்தகைய நோக்குப் பிழை ஒன்று திருத்தப்பட்டது. இலங்கைக் கரையோரத்தில் அனோபிலிசு சப்பிக்தசு இனத்தின் ஒரு பிரிவாகப் புறத்தோற்றத்தைக் கொண்டு வகுக்கப்பட்டிருந்தவற்றுட் சில, உண்மையில் உவர்நீரில் வளர்ந்து மலேரியாவைப் பரப்பவல்ல அனோபிலிசு சுந்தைக்கசு கூட்டத்தைச் சேர்ந்தவை என்பதை 2010இல் வெளியான மரபணு ஆய்வு காட்டிற்று. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றியது வேறொன்றாயிற்று.

புதிய விருந்தாளி

மலேரியா அற்ற நாடென்று இலங்கை அறிவிக்கப்பட்ட அதே 2016ஆம் ஆண்டின் டிசெம்பரில், மன்னார்த் தீவில் அனோபிலிசு ஸ்டீபென்சி என்னும் நுளம்பு முதன்முதலாக அறியப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் அது யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் காணப்பட்டது. இந்தியப் பெருநகரங்களில், சிறப்பாகச் சென்னையில், மலேரியாவைப் பரப்பும் நுளம்பு இதுவே. ஏனைய மலேரியா நுளம்புகள் ஆற்றுக் குட்டையையும் வயலையும் நாட, இது கிணற்றையும் மேனிலைத் தொட்டியையும் கட்டடத் தளத்துத் தேக்கத்தையும் நாடுவது. ஆறில்லாத குடாநாடு கியூலிசிபேசிசுக்கு அத்துணை உவந்த இடமன்று. ஆனால் வீட்டுக்கு வீடு கிணறுள்ள குடாநாடு ஸ்டீபென்சிக்கு ஆயத்தமாக அமைந்த மனை. ஆபிரிக்காவின் சிபுத்தியில் 2012இல் இந்நுளம்பு அறியப்பட்டபின் அந்நாட்டில் மலேரியா மிகப் பெருகியமை, இதனை எளிதாக எண்ணலாகாதென்பதை உணர்த்துகின்றது.

கிணற்றுக்கும் இந்நுளம்புக்குமான தொடர்பு புதிய செய்தியுமன்று. 1911இல் பம்பாய் நகரத்து மலேரியாவை ஆராய்ந்த பென்ட்லி என்னும் மருத்துவர், நகர்க் கிணறுகளே ஸ்டீபென்சியின் விளைநிலம் என்று அறிக்கையிட்டார். கிணறுகளை மூடவும் தூர்க்கவும் நகராட்சி முயன்றபோது எதிர்ப்பு எழுந்தது. கிணற்று நீரைப் புனிதமாகப் போற்றும் பார்சிகளும் இந்துக்களும், ஒளிபடாது மூடிய நீர் வழிபாட்டுக்கு ஏலாதென்றனர். அவ்வெதிர்ப்பை அறியாமையென்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் மக்கள் கிணற்றை எந்நோக்கிற் கண்டனர் என்பதை ஆராயாமல் வகுத்த திட்டம் மக்களிடையே இலகுவிற் செல்லாதென்பதே வரலாற்று மாணவர் கொள்ளவேண்டிய பாடம். நுளம்பின் இயல்பை அறிந்தால் மாத்திரம் போதாது. மனிதனின் இயல்பையும் அறிதல் வேண்டும்.

ஆளில்லாக் கிணறுகள்

குடாநாட்டுக் கிணறு முன்னொரு காலத்தில் ஓய்வறியாதது. விடியுமுன் துலாவில் ஆளேறி மிதிக்க, கீழே நிற்பவர் பனையோலைப் பட்டையால் நீரை முகந்து வாய்க்காலில் ஊற்றுவர். இறைப்பும் வார்ப்பும் குளிப்பும் நாள்தோறும் நீரைக் கலக்கின. முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க வெப்பநாடுகளில் ஒரு கிழமைக்குச் சற்றுக் கூடிய காலம் வேண்டும். அக்கால அமைதி இறைப்புக் கிணற்றில் எளிதிற் கிட்டியிராது. பின்னர் நீரிறைக்கும் இயந்திரமும், அதன்பின் மேனிலைத் தொட்டியும் குழாயும் வந்தன. கிணற்றை எட்டிப் பார்க்கும் தேவை குறைந்தது. நீர் வீட்டுக்குள் வந்தது. கிணறு மனிதர் கண்ணிலிருந்து விலகியது.

போர் இதனை மேலும் ஆழமாக்கியது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாம மக்கள் பெருந்திரளாகத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தனர். வலிகாமம் வடக்கின் பல ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துள் ஆண்டுக்கணக்கில் ஆளின்றிக் கிடந்தன. வெளிநாடுகளுக்குக் குடிபெயர்ந்தோரின் வளவுகளும் பூட்டிக் கிடக்கின்றன. பற்றை மூடிய அவ்வளவுகளிற் கிணறு மாத்திரம் நீரோடு நிற்கின்றது. பங்குக் கிணறாயின், பங்காளிகள் ஒருவர் யாழ்ப்பாணத்திலும் ஒருவர் கொழும்பிலும் ஒருவர் கனடாவிலும் இருப்பர். துப்புரவாக்கும் பொறுப்பை எவர் ஏற்பது என்ற வினா எழும். உறுதியிலே பங்கு உண்டு, பராமரிப்பிலே பங்கில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டு முற்றத்தைப் பார்வையிடலாம். பூட்டிய படலைக்கு அப்பாலுள்ள கிணற்றைப் பார்வையிடுதல் எளிதன்று. மனித வாழ்வு குலைந்த இடத்தில் நுளம்பு வாழ்வு பெறுகின்றது.

பரிகாரங்கள் அறியப்படாதவை அல்ல. குடம்பிகளை உண்ணும் சிறு மீன்களைக் கிணற்றில் விடுதல், நெருங்கிய வலையால் வாயை மூடுதல், தொட்டிகளை இடைவெளியின்றி அடைத்தல், பயனற்ற கிணற்றை முறைப்படி மூடுதல், காய்ச்சலோடு வெளிநாட்டிலிருந்து வருவோர் மலேரியாப் பரிசோதனை செய்துகொள்ளல் என்பன அவை. ஸ்டீபென்சி பல பூச்சிகொல்லிகளுக்கு எதிர்ப்பாற்றல் பெற்றுள்ளதாதலின், மருந்து தெளித்தலை மாத்திரம் நம்பியிருத்தல் 1963இன் பிழைக்குத் திரும்புதலேயாகும். நிலத்தடி நீரையன்றி வேறு நீர்வளம் போதியளவில்லாத குடாநாட்டிற் கிணறுகளையெல்லாம் தூர்க்கலாம் என்று எண்ணுதலும் இயலாது. கிணற்றைக் கைவிடுதலன்று, கிணற்றை மீண்டும் நோக்குதலே வேண்டுவது.

முடிவுரை

காற்றே காரணம் என்றனர், நுளம்பாயிற்று. வன்னியின் நோய் என்றனர், குடாநாட்டுக்கும் உரியதாயிற்று. மழையின் நோய் என்றனர், வரட்சியில் வந்தது. ஒழிந்தது என்றனர், மீண்டது. நன்னீரில் மாத்திரம் என்றனர்; உவர்நீரிற் றோன்றிற்று. ஒவ்வொரு படியிலும் மனிதன் ஏமாந்தது நுளம்பின் சூழ்ச்சியால் அன்று, தன் முடிந்த முடிபால். ஒவ்வொரு படியிலும் அவனை மீட்டது, முடிந்த முடிபை ஐயுற்று நேரே சென்று பார்த்த ஒரு சிலரின் கண்.

2016இல் நாடு பெற்ற பேறு நிலையான உடைமை அன்று. நாள்தோறும் காக்கவேண்டிய பொறுப்பு. அப்பொறுப்பின் ஒரு பங்கு ஆய்வுகூடத்துக்கும் ஒரு பங்கு சுகாதாரத் திணைக்களத்துக்கும் உரியது. மீதிப் பங்கு, உறுதியில் எழுதப்பட்ட கிணற்றுப் பங்கைப்போல, ஒவ்வொரு வீட்டாருக்கும் உரியது. கிழமைக்கு ஒருமுறை தத்தம் கிணற்றை எட்டிப் பார்க்கும் பழக்கம் குடாநாட்டில் மீண்டும் வேரூன்றுமாயின், அவ்வளவே இவ்வரலாற்றிலிருந்து பெற்ற நற்பயனாகும்.